டர்போ காருக்கு எந்த இன்ஜின் ஆயில், எந்த பெட்ரோல்? இ20 முதல் 100 ஆக்டேன் வரை முழு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை மாலை கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் போனால், வரிசையாக நிற்கும் கார்களில் நாலைந்தாவது டர்போ பெட்ரோல் வண்டியாக இருக்கும். புதிதாக வாங்கியதும் உண்டு, ஐந்தாறு லட்சம் கொடுத்து செகண்ட் ஹேண்டில் எடுத்ததும் உண்டு. அங்கே பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். "என்ன ஆயில்டா போடற?", "நார்மலா, 95-ஆ?"

பதில் ஆளுக்கு ஒன்று. "நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சரி" என்பார் ஒருவர். "100 ஆக்டேன் போட்டுப் பாரு, வண்டி பறக்கும்" என்பார் இன்னொருவர். "இ20 போட்டா இன்ஜின் காலி" என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டுவார் மூன்றாமவர்.

டர்போ இன்ஜினில் இந்தத் தேர்வு தவறினால் செலவு ஆயிரங்களில் நிற்காது. டர்போ போனாலோ, பிஸ்டன் உடைந்தாலோ பில் லட்சத்தைத் தொடும். தவறான ஆயில் போட்டதால்தான் பழுது என்று தெரிந்தால் வாரன்டியும் கைகொடுக்காது. எது உண்மை, எது கட்டுக்கதை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், டர்போ இன்ஜின் ஏன் தனி ரகம்?

சாதாரண இன்ஜின் தனக்குத் தேவையான காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். டர்போ இன்ஜினில் காற்று அழுத்தி ஊதப்படுகிறது. சைலன்சர் வழியாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். அதனால்தான் 1 லிட்டர் இன்ஜின் 1.5 லிட்டர் இன்ஜினுக்கு இணையாக இழுக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறைக்கு மேல்கூட சுழலும். பெட்ரோல் இன்ஜினில் அதைத் தொடும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை எட்டும். அந்த அச்சு உலோகத்தில் உரசாமல் மிதப்பது ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல். ஆயில் சரியில்லை என்றால் முதலில் அடிபடுவது இந்த இடம்தான்.

அதேபோல, சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடுதல் என்பதால் பெட்ரோலின் ஆக்டேன் தரமும் முக்கியமாகிறது. ஆயில், பெட்ரோல் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆயில் டப்பாவில் உள்ள 5டபிள்யூ-30 என்றால் என்ன?

இது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் அளவு. எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு வகுத்தது.

'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் வரும் எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் பம்ப் செய்ய முடிகிறதா என்று சோதிப்பார்கள். 0டபிள்யூ என்றால் மைனஸ் 40. கடலூர்க்காரர்களுக்கு இந்த எண்ணால் பெரிய வித்தியாசம் இல்லை.

கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம். இன்ஜின் முழுச் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரியில், ஆயிலின் தடிமன் எவ்வளவு என்பதை அது சொல்கிறது. 20 என்றால் நீர்த்தது, 30 நடுத்தரம், 40 சற்று கெட்டி, 50 இன்னும் கெட்டி.

"நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் போடணும்" - சரியா?

அதிகம் கேட்கும் அறிவுரை இதுதான். பெரும்பாலும் தவறு.

காரணம் எளிது. கடலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரி. டெல்லியில் ஜனவரியில் குளிர் 8 டிகிரி. ஆனால் இரண்டு ஊரிலும் ஓடிச் சூடேறிய இன்ஜினுக்குள் ஆயில் கிட்டத்தட்ட 100 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் இருப்பதே அதற்காகத்தான். வெளி வெயில் ஆயிலைத் தொடுவதைவிட, இன்ஜினின் சொந்தச் சூடுதான் ஆயிலைத் தீர்மானிக்கிறது.

0டபிள்யூ-20 ஆயிலுக்காக வடிவமைத்த இன்ஜினில் ஆயில் செல்லும் துளைகள், பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாமே அந்தத் தடிமனுக்கு அளவெடுத்தவை. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் அதே ஆயிலின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். மைலேஜும் குறையும்.

அதே சமயம், பல கார்களின் கையேட்டில் ஒரே இன்ஜினுக்கு இரண்டு மூன்று கிரேடுகள் கொடுத்திருப்பார்கள். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் ஏற்கப்படும் என்று இருந்தால், அடிக்கடி நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுபவர் 40-ஐத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. கையேட்டில் இல்லாத எண்ணுக்குப் போவதுதான் சிக்கல்.

அப்படியானால் ரேஸ் கார்களுக்கு ஏன் கெட்டி ஆயில்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாமிடம் பிடித்த பிறகு, ரேஸ் கார்கள் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் கூடியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களுக்குச் சொந்தக் காரை எடுத்துச் செல்பவர்களும் உண்டு.

பந்தயத் தடத்தில் கார் இடைவிடாமல் உச்ச சுழற்சியில் ஓடுகிறது. ஆயில் 120, 130 டிகிரிக்கு மேலும் போகும். அந்தச் சூட்டில் எந்த ஆயிலும் நீர்த்துவிடும் என்பதால் கெட்டியான கிரேடு தேவைப்படுகிறது. அதோடு பந்தய அணிகள் ஆயிலை ஒரு வருடம் வைத்திருப்பதில்லை. சில பந்தயங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரை போய் வரும் காரின் நிலைமை இதற்கு நேர் எதிர். அதன் பிரச்சினை அதிகச் சூடு இல்லை, சூடே ஏறாததுதான். அதைப் பின்னால் பார்க்கலாம்.

எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. ஒரே 5டபிள்யூ-30 எழுதிய இரண்டு டப்பாக்களுக்குள் இருப்பது முற்றிலும் வேறு வேறு ஆயிலாக இருக்கலாம். தடிமனை அடுத்துப் பார்க்க வேண்டியது தரக் குறியீடு.

* ஏபிஐ: அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தர வரிசை. பெட்ரோல் இன்ஜினுக்கு 'எஸ்' என்று தொடங்கும். எஸ்என் 2010-இல் வந்தது. எஸ்பி 2020-இல் வந்தது. அடுத்த எழுத்து பெரிதாகப் பெரிதாகத் தரம் புதியது.
* ஏசிஇஏ: ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்களின் தரம். ஏ3/பி4, சி2, சி3 என்று இருக்கும். இதில் எது உயர்ந்தது என்று வரிசைப்படுத்த முடியாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை இன்ஜினுக்கு.
* கார் நிறுவனத்தின் சொந்த எண்: உதாரணமாக ஃபோக்ஸ்வேகன் குழும கார்களுக்கு 502 00, 508 00 போன்ற எண்கள். கையேட்டில் இந்த எண் இருந்தால், டப்பாவின் பின்புறமும் அதே எண் இருக்க வேண்டும்.

டர்போ வண்டிக்கு ஏபிஐ எஸ்பி ஏன் முக்கியம்? நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் ஒரு ஆபத்து உண்டு. நாலாவது, ஐந்தாவது கியரில் குறைந்த வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால், பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். எல்எஸ்பிஐ என்று சொல்லப்படும் இந்தக் குறைவேக முன்பற்றல், பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு வலிமையானது.

ஆயிலில் உள்ள கால்சியம் வகை வேதிப்பொருட்கள் இதைத் தூண்டுவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் பிறகு வந்த எஸ்பி தரத்தில் இதற்கெனத் தனிச் சோதனையே சேர்க்கப்பட்டது. எனவே கடைக்காரர் "அதே 5டபிள்யூ-30தான் சார், இது கொஞ்சம் சீப்" என்று பழைய தர ஆயிலை நீட்டினால், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

ஓட்டும் பழக்கமும் இதில் சேரும். கடலூர் - சிதம்பரம் சாலையில் லாரியை முந்தும்போது, அதே கியரில் அழுத்தாமல் ஒரு கியர் குறைத்து முந்துவது இன்ஜினுக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

சரி, பெட்ரோலுக்கு வருவோம். ஆக்டேன் என்றால் என்ன?

ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. பெட்ரோல் எவ்வளவு பொறுமைசாலி என்பதன் அளவு.

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும்போது சூடேறும். பிளக் பொறி வரும்வரை அந்தக் கலவை காத்திருக்க வேண்டும். பொறி வந்த பிறகும் சீராக எரிய வேண்டும். ஒரு மூலையில் தானாகவே வெடித்தால் இன்ஜினில் "கட கட" என்று தட்டும் சத்தம் வரும். அதுதான் நாக்கிங். ஆக்டேன் எண் கூடக்கூட, பெட்ரோல் அழுத்தத்தைத் தாங்கிப் பொறுமையாக இருக்கும்.

இந்தியாவில் பிஎஸ்-6 தரத்தில் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 ஆக்டேன் இருக்க வேண்டும். பிரீமியம் வகைகளில் 95 உண்டு. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 'எக்ஸ்பி100' என்ற பெயரில் 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தது.

100 ஆக்டேன் போட்டால் வண்டி பறக்குமா?

வண்டியைப் பொறுத்தது. 91 ஆக்டேனுக்காக வடிவமைத்த இன்ஜினில் 100 ஆக்டேன் ஊற்றினால், பில் தொகை தவிர வேறெதுவும் கூடாது. லிட்டருக்கு 150 ரூபாயைத் தாண்டும் பெட்ரோலை, பயன்படுத்திக்கொள்ளத் தெரியாத இன்ஜினுக்குக் கொடுப்பது வீண்.

ஆனால் டர்போ வண்டிகளில் நாக் சென்சார் என்ற கருவி இருக்கிறது. நாக்கிங் தொடங்குவதைக் கேட்டவுடன், கணினி பொறியின் நேரத்தைப் பின்தள்ளும். இன்ஜின் தப்பிக்கும், சக்தி சற்றுக் குறையும். கையேட்டில் "95 பரிந்துரைக்கப்படுகிறது, 91 குறைந்தபட்சம்" என்று எழுதியிருந்தால், 95 போடும்போது அந்தப் பின்தள்ளல் குறையும். கோடை வெயிலில், ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது வித்தியாசம் தெரியலாம். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு 95 நியாயமான செலவு. கையேட்டில் 91 போதும் என்றால் 91 போதும்.

யூடியூப் பார்த்து ஏமாற வேண்டாம்

அமெரிக்க யூடியூபர்கள் "இந்தக் காருக்கு 91 வேண்டும்" என்று சொல்வதைப் பார்த்து, "நம்ம ஊர் சாதா பெட்ரோலே 91தானே" என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே ஆக்டேனை வேறு முறையில் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க பங்கில் 87 என்று எழுதியிருப்பது நம் ஊர் கணக்கில் சுமார் 91 அல்லது 92. அங்கே 91 என்றால் இங்கே சுமார் 95 அல்லது 96. இறக்குமதி கார் வைத்திருப்பவர்கள், கையேட்டில் 'ஆர்ஓஎன்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். இந்தியாவில் சொல்வது ஆர்ஓஎன் கணக்கு.

இ20: அதிகம் பயமுறுத்தும் கேள்வி

இ20 என்றால் 80 சதவீதம் பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால். இந்தியாவில் எத்தனால் கலப்புத் திட்டம் 2003-இல் 5 சதவீதத்தில் தொடங்கியது. 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் இ20 அறிமுகமானது. 20 சதவீத இலக்கு முதலில் 2030-க்கு வைக்கப்பட்டு, பிறகு 2025-க்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. இ20 மட்டும் இல்லாமல் மாற்றுத் தேர்வும் வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கடலூர் மாவட்டத்துக்கு எத்தனால் அந்நியச் சரக்கு இல்லை. கரும்பு விளையும் மாவட்டம் இது. நெல்லிக்குப்பத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை இயங்குகிறது. சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் மொலாசஸ், கரும்புச் சாறு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எத்தனால் தயாராகிறது. கரும்பு விவசாயிக்கு இது வருமான வழி. கார் வைத்திருப்பவருக்கோ இது மைலேஜ் கேள்வி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பதும் இந்த மாவட்டத்தில் சகஜம்.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21தான். கணக்குப் போட்டால், எத்தனாலே இல்லாத பெட்ரோலைவிட இ20-இல் லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீதம் ஆற்றல் குறைவு. ஏற்கெனவே நாம் பயன்படுத்தி வந்த இ10-உடன் ஒப்பிட்டால் சுமார் 3.5 சதவீதம்.

நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும், பழைய வடிவமைப்பு கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. இ20-க்காகவே கணினியைச் சீரமைத்த கார்களில் இந்த இழப்பு 1 முதல் 2 சதவீதம்தான்.

நடைமுறையில் என்ன அர்த்தம்? இ10-இல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்த கார், இ20-இல் பதினாலரை தரும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். "மைலேஜ் பாதியாகிடுச்சு" என்றால் அதற்கு எத்தனால் காரணமில்லை. டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடிப்பு, பிளக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எத்தனாலில் ஒரு நன்மையும் உண்டு. அதன் ஆக்டேன் சுமார் 108. ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கவும் செய்யும். டர்போ இன்ஜினுக்கு இவை இரண்டும் சாதகம். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் இன்ஜினின் கணினி அமைந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பழைய டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் எரிபொருள் குழாய், ரப்பர் சீல் போன்றவை இ20-ஐத் தாங்கும் பொருளில் செய்யப்பட்டவை. பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

அதற்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் இ10-க்கானவை. செகண்ட் ஹேண்ட் டர்போ கார்களில் பல இந்த ரகம்தான். ஒரு முறை இ20 போட்டதால் இன்ஜின் வெடித்துவிடாது. ஆனால் எத்தனால் சில வகை ரப்பரை நாளடைவில் ஊதவும் விறைக்கவும் செய்யும். டேங்கில் பல வருடங்களாகப் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். எனவே இவர்கள் செய்ய வேண்டியது:

* சர்வீஸ் சென்டரில் வண்டியின் மாடல், ஆண்டைச் சொல்லி இ20 பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
* பெட்ரோல் ஃபில்டரை வழக்கத்தைவிட முன்னதாக மாற்றுங்கள்.
* சர்வீஸின்போது பெட்ரோல் குழாய்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காருக்குள்ளோ பக்கத்திலோ பெட்ரோல் வாசனை அடித்தால் தள்ளிப்போட வேண்டாம். அது தீ விபத்து சம்பந்தப்பட்ட விஷயம்.
* வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆக்டேனும் எத்தனாலும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 95 என்று எழுதியிருப்பதால் அதில் எத்தனால் இல்லை என்று அர்த்தமில்லை.

கடலோரத்தில் கூடுதல் கவனம் ஏன்?

எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். சிறிதளவு ஈரம் என்றால் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும், பிரச்சினையில்லை. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். வண்டி திக்கித் திணறி நின்றுவிடும்.

இன்றைய கார்களின் டேங்க் பெரும்பாலும் மூடிய அமைப்பு என்பதால், கடற்காற்றின் ஈரத்தால் மட்டும் இப்படி ஆவது அரிது. உண்மையான ஆபத்து வெள்ளத்தில் இருக்கிறது.

கடலூருக்கு இது புதிதல்ல. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று பட்டியல் நீளம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கெடிலம் என்று இருக்கும் தேவனாம்பட்டினத்தில் தண்ணீர் ஏறாத மழைக்காலம்தான் அபூர்வம் என்பார்கள்.

தண்ணீரில் நின்ற காருக்கு மூன்று விதிகள்:

1. ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஒரே ஒரு முறை சாவி திருப்பினாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அழுத்த முடியாது என்பதுதான் காரணம்.
2. டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டரோடு மாற்ற வேண்டும்.
3. இன்சூரன்ஸைப் பாருங்கள். வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்கு சாதாரண பாலிசியில் இழப்பீடு கிடைப்பது கடினம். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். கடலோரத்தில் வசிப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைச் சரிபார்ப்பது நல்லது.

வெள்ளம் வடிந்த முதல் சில நாட்களில், தண்ணீர் சூழ்ந்திருந்த பங்கில் ஃபுல் டேங்க் அடிப்பதையும் தவிர்க்கலாம். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று நிறம் மாறும் பசையைத் தடவிப் பார்க்கும் சோதனை எல்லா பங்கிலும் உண்டு. "வாட்டர் செக் பண்ணீங்களா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பங்கில் நீங்கள் கேட்கக்கூடிய சோதனைகள்

பெட்ரோலில் மண்ணெண்ணெய் போன்றவை கலந்தால் ஆக்டேன் சரியும். டர்போ இன்ஜின் அதை உடனே காட்டிக்கொடுக்கும்: ஏற்றத்தில் தட்டும் சத்தம், இழுவைக் குறைவு, இன்ஜின் விளக்கு. சந்தேகம் வந்தால் கேட்டுப் பெறக்கூடியவை:

* ஃபில்டர் பேப்பர் சோதனை: ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் சில நிமிடங்களில் கறையின்றி ஆவியாக வேண்டும். கறை தங்கினால் சந்தேகம்தான்.
* அடர்த்திச் சோதனை: 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்ட அடர்த்தி, லோடு இறங்கியபோது பதிவான அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் மாறக்கூடாது.
* 5 லிட்டர் அளவுச் சோதனை: முத்திரையிட்ட 5 லிட்டர் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 25 மில்லி.

கண்டிப்பாக பில் வாங்குங்கள். வண்டி நின்றுபோனால் புகார் கொடுக்க அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

"புதுச்சேரியில் போட்டால் லாபமாச்சே?"

முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. வரி வித்தியாசத்தால் அங்கே விலை சில ரூபாய் குறைவு. தரத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பிஐஎஸ் தரம்தான்.

லாபம்? லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொண்டால், 35 லிட்டருக்கு 175 ரூபாய் மிச்சம். அதற்காகவே போய் வர 30 கிலோமீட்டர் ஓட்டினால், 15 கிலோமீட்டர் மைலேஜில் 2 லிட்டர், ஏறக்குறைய 200 ரூபாய் போய்விடும். வேறு வேலையாகப் போகும்போது போட்டால் லாபம். பெட்ரோலுக்காகவே போனால் நஷ்டம்.

ஊருக்குள் மட்டும் ஓட்டும் வண்டிக்கு ஆயில் சீக்கிரம் கெடும்

டேஷ்போர்டில் சூட்டு அளவு சரியான இடத்துக்கு வந்துவிட்டால் இன்ஜின் தயார் என்று நினைக்கிறோம். அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடேற இன்னும் பல நிமிடம் ஆகும். தேவனாம்பட்டினத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு வரை போய், நிறுத்தி, மறுபடி கிளம்பும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை.

அப்போது சிலிண்டரிலிருந்து கசியும் பெட்ரோலும் நீராவியும் ஆயிலிலேயே தங்கும். ஆயில் நீர்த்துப் போகும், சேறு படியும். அதனால்தான் 10,000 அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லும் கையேடுகளே, குறுகிய தூர ஓட்டம், தூசி, நெரிசல் ஆகியவற்றைக் 'கடினப் பயன்பாடு' என்று தனியாகக் குறிப்பிட்டு, முன்னதாகவே மாற்றச் சொல்கின்றன. கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

எளிய வழி ஒன்றும் உண்டு. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால், ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் பெருமளவு ஆவியாகிவிடும். வேகமாக ஓட்டி வந்தவுடன் இன்ஜினை உடனே அணைக்காமல், கடைசி ஓரிரு நிமிடங்களை மெதுவாக ஓட்டி வருவது டர்போவுக்கு ஓய்வு தரும்.

போலி ஆயிலைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலி டப்பாவில் மட்டமான ஆயிலை நிரப்பி விற்பது பழைய மோசடி. மூடியின் சீல், கியூஆர் குறியீடு, தயாரிப்பு தேதி மூன்றையும் பாருங்கள். டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடிந்ததும் காலி டப்பாவை ஓட்டை போட்டோ கிழித்தோ விடுங்கள். வாரன்டி உள்ள வண்டி என்றால், ஆயில் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

"இன்ஜின் ட்ரீட்மென்ட்", "ஆக்டேன் பூஸ்டர்" என்று கூடுதலாக ஊற்றச் சொன்னால், கையேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல ஆயிலில் தேவையான வேதிப்பொருட்கள் அளவோடு ஏற்கெனவே இருக்கின்றன. சில ஆக்டேன் பூஸ்டர்களில் உள்ள மாங்கனீசு, ஸ்பார்க் பிளக்கில் படிந்து கோளாறு செய்யும்.

கணினியை மாற்றி சக்தியைக் கூட்டும் 'ரீமேப்' செய்தவர்கள் நிலை வேறு. அந்த வண்டிக்குக் கையேட்டில் உள்ள ஆக்டேன் கணக்கு இனி பொருந்தாது. ரீமேப் எந்த ஆக்டேனுக்காகச் செய்யப்பட்டதோ, அதற்குக் கீழே ஒரு முறைகூட இறங்கக்கூடாது. வாரன்டியையும் மறந்துவிட வேண்டியதுதான்.

சுருக்கமாக

* கையேட்டைத் திறங்கள். தடிமன் எண், தரக் குறியீடு, ஆக்டேன் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
* ஆயில் டப்பாவில் முன்பக்க விளம்பரத்தை விட்டு, பின்பக்க எழுத்தைப் படியுங்கள்.
* கையேடு 91 போதும் என்றால் 91. 95 பரிந்துரை என்றால் 95. அதற்கு மேல் உங்கள் விருப்பம், உங்கள் பணம்.
* 2023-க்கு முந்தைய வண்டி என்றால் ஃபில்டரும் பெட்ரோல் குழாயும் உங்கள் கவனத்தில் இருக்கட்டும்.
* மாதம் இருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். டர்போ வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கும். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போனால் உடனே ஊற்ற வேண்டும்.
* தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள்.

வண்டியோடு வந்த அந்தக் கையேடு பெரும்பாலான கார்களில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி, கையேடு கிடைக்கவில்லை என்றால், பல நிறுவனங்களின் இணையதளத்தில் அதை இலவசமாகவே பதிவிறக்கலாம். அடுத்த முறை பீச்சில் யாராவது "என்ன ஆயில் போடற?" என்று கேட்டால், அதில் உள்ள பக்கத்தைக் காட்டினால் போதும்.